முழுசா, பாதியா

என் மகள் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் வீட்டு வேலை செய்வேன். தேங்காய் துருவும்போதும் ஒரு காது அடுத்த அறையில் இருக்கும். சின்ன வயதிலேயே அவளுக்கு வீசிங் வந்துவிட்டது. கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. மழை மாதங்களில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில் விரிப்பைக்கூட ஈரமாக்கிவிடும். அந்த மாதங்களில் அவள் ஒருமுறை இருமினாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். பயந்தாங்கொள்ளி என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர்களுக்குத் தைரியம் சுலபம்.

சாமான் விலையெல்லாம் தலைதெறிக்க ஏறிய வருஷங்களில் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. நான் கண்டி டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். காற்சட்டைக்கு இடுப்பு குறைப்பது, பழுதான ஸிப்பை மாற்றுவது, பள்ளிக்கூட யூனிஃபோமைப் பிரித்துப் பெரிதாக்குவது என்று சில்லறை வேலைகள். கடைக்குப் போனால் நேற்றைய விலை இன்றைக்கு இருக்காது. பருப்பின் விலையைக் கேட்டுவிட்டு, தெரியாத ஆளிடம் பேசிவிட்டது போல அப்படியே திரும்பி வந்திருக்கிறேன். மாதம் முடியும் முன்பே கையில் இருப்பது முடிந்துவிடுமோ என்ற நடுக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் விடாது.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் டவுனில் டியூஷன். அது முடிந்ததும் என் கடைக்கு வருவாள், இரண்டு பேரும் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். அந்த வயதுப் பிள்ளைகளைப் போலத்தான் அவளும். கண்ணாடி அலுமாரியில் பார்த்ததெல்லாம் வேண்டும், விலையைக் கேட்டால் தோளைக் குலுக்குவாள். அவளுக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று நான் பயந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பிள்ளை எப்படிப் பிழைக்கும்? ராத்திரியில் படுத்தால் இதே யோசனைதான். அதனால் ஒரு சனிக்கிழமை அவள் கையில் பையைக் கொடுத்து, "இன்னைக்கு நீ வாங்கு, நா சும்மா பின்னால வாறேன்" என்றேன்.

முதல் நாள் கூத்து இன்னும் நினைவிருக்கிறது. மார்க்கெட் வாசலில் முதலில் கண்ட ஆளிடமே போஞ்சிக்காய் வாங்கினாள். அவர் சொன்ன விலைக்கு மறுபேச்சு இல்லை. பையைப் பிரித்துப் பார்த்தால் பாதி முற்றல், விதை புடைத்துக்கொண்டு நின்றது.

"உள்ளுக்குப் போய் நாலு கடையப் பாத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"எல்லாரும் பாக்குறாங்கம்மா. வெக்கமா இருக்கு."

"வெக்கத்த வறுத்து சாப்பிட முடியாது. வா."

அப்படித் தொடங்கியது. சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் போனால் கூறு போட்டு வைத்திருப்பதை அள்ளிக்கொடுத்துவிடுவார்கள் என்று காட்டினேன். பெரிய சுப்பர் மார்க்கெட்டில் 'சலுகை' என்று சிவப்பில் எழுதியிருக்கும் பக்கெட்டை எடுக்கும் முன் பின்பக்கம் திருப்பி எத்தனை கிராம் என்று பார்க்கச் சொன்னேன். பசியோடு கடைக்குப் போகக் கூடாது என்று சொன்னேன். பேரம் பேசத் தமிழ் மட்டும் போதாது. கொஞ்சம் வயதான வியாபாரியை 'அய்யே' என்றும் சின்னவனை 'மல்லி' என்றும் கூப்பிட்டால் சிங்களத்தில் அண்ணன், தம்பி என்று உறவாகிவிடும், விலையும் கொஞ்சம் இளகும். ஒருநாள் இவள் பழக்கதோஷத்தில் தமிழையும் சிங்களத்தையும் குழப்பி, கொத்தமல்லி விற்றுக்கொண்டிருந்த பையனிடம் "மல்லி, மல்லி கீயத?" என்று கேட்டாள். தம்பி, தம்பி என்ன விலை என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு அந்தப் பையன், தான் விற்பனைக்கில்லை என்றான். மார்க்கெட்டே சிரித்தது. அன்றைக்கு அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் வெட்கம் விட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்லிக்கொடுத்தது ஒரு சொல்: 'பாகயக்'. பாதி. அந்த நாட்களில் எங்கே பார்த்தாலும் ஆட்கள் அதைத்தான் சொன்னார்கள். பேக்கரியில் பாதிப் பாண், கடையில் பாதித் தேங்காய், இரண்டாக வெட்டிய சவர்க்காரத்தில் ஒரு துண்டு. முன்பெல்லாம் அப்படிக் கேட்டால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். இப்போது அவரே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பாகயக் தென்ன", பாதி தாங்க, என்று குரலை இறக்காமல் கேட்க வேண்டும், தலை குனியக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். முழுசாக வாங்கி வீட்டில் அழுக வைக்கிறவர்களைவிட நாம் புத்திசாலிகள் என்றும் சொன்னேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. கணக்கில் கெட்டிக்காரி. இரண்டே மாதத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். எந்தக் கடையில் எது மலிவு என்று விரல்நுனியில் வைத்திருந்தாள். நான் எதையாவது முழுசாக வாங்கினால், "ஏம்மா, பாதி போதாதா?" என்று எனக்கே வகுப்பு எடுத்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. கடையில் கூட வேலை செய்கிற பெண்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு பயமாவது தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கிய ராத்திரிகளும் உண்டு.

அவளுடைய மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சின்ன பிளாஸ்டிக் குழலில் பொடி மருந்து நிரப்பிய கெப்ஸியூலைப் போட்டு, திருகி, வாயால் இழுக்க வேண்டும். இரண்டு வகை. ஒன்று காலையும் மாலையும் சுகமாக இருந்தாலும் இழுக்க வேண்டியது. மற்றது மூச்சு முட்டும்போது மட்டும். கிளினிக்கில் சும்மாதான் கொடுத்து வந்தார்கள். மருந்துத் தட்டுப்பாடு வந்ததும், "இது இப்ப இல்லை, வெளியில வாங்குங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். முதல் தடவை நான்தான் துண்டை எடுத்துக்கொண்டு பாமசிக்குப் போனேன். எனக்கு முன்னால் நீண்ட வரிசை. கவுண்டரில் நின்றவர் துண்டை வாங்கிப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஒக்கோமத, பாகயக்த?"

முழுசா, பாதியா? பாண் கடையில் கேட்பது போலவே கேட்டார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பாதி என்றார். அவருக்கு முன்னால் நின்ற அம்மாவும் பாதிதான். என் முறை வந்ததும் "ஒக்கோம" என்று சத்தமாகச் சொன்னேன். விலையைக் கேட்டதும் கையில் இருந்த காசை இரண்டு தடவை எண்ணினேன். ஆனாலும் என் பிள்ளையின் மூச்சுக்குப் பாதி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பாமசி அவளுடைய டியூஷனுக்குப் பக்கத்தில். அடுத்த மாதத்திலிருந்து, "நானே வாங்கிக்கிறேன்மா, நீங்க மெஷின விட்டு எந்திரிக்க வேணாம்" என்றாள். துண்டையும் காசையும் கொடுத்தனுப்பினேன். வேறு கம்பனி மருந்து மலிவாக இருந்தது என்று சொல்லி மிச்சக் காசைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படி மலிவுக் கம்பனிகள் உண்டுதான், நானே அவளுக்குச் சொன்னது. "கெட்டிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளினேன். அந்தக் காசில் முட்டை வாங்கினேன். அவளுக்கு முட்டை என்றால் உயிர்.

அது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். மழை என்றால் அப்படி ஒரு மழை. குட்செட் பஸ் நிலையத்தில் ஏறும்போதே இரண்டு பேரும் தெப்பமாக நனைந்திருந்தோம். உட்கார இடமில்லை. ஜன்னல்களையெல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். ஈரத் துணி வாடை, யாரோ கொண்டுவந்த கருவாட்டு வாடை, எஞ்சின் புகை எல்லாம் உள்ளேயே சுற்றியது. கெட்டம்பேயைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ மரம் விழுந்திருக்கிறது என்று கண்டக்டர் சொன்னார். பார்த்த இடமெல்லாம் வாகனங்களின் சிவப்பு விளக்குகள்.

மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள். முதலில் நான் கவனிக்கவில்லை, சாமான் பையை நசுங்காமல் பிடிப்பதிலேயே என் கவனம். பிறகு கேட்டது. அத்தனை இரைச்சலுக்குள்ளும் அந்த விசில் சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குக் கீழே அந்தக் குழி உள்ளே இழுத்தது. உதடு வெளுத்திருந்தது.

"மருந்த எடு. எங்க, பையில தானே?"

தலையாட்டினாள். ஆமா என்கிறாளா இல்லை என்கிறாளா என்று புரியவில்லை. அவள் புத்தகப் பையைப் பிடுங்கித் திறந்தேன். கொப்பி, பேனா, நனைந்த டியூஷன் தாள்கள். அடியில் குழல் கிடைத்தது. மூச்சு முட்டும்போது இழுக்கும் கெப்ஸியூல் டப்பாவும் கிடைத்தது. ஆட்டினேன். சத்தமே இல்லை. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. போன வாரம்தான் வாங்கியது. டப்பா கையிலிருந்து நழுவி விழுந்து ஆட்களின் காலுக்குள் உருண்டு போய்விட்டது. அப்போது எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. என் பிள்ளை இங்கேயே, இந்த ஆட்களுக்கு நடுவில், நின்றபடியே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைக்க முடிந்தது.

கண்டக்டரிடம் கத்தினேன், கதவைத் திறந்தார். பேராதனை ஆஸ்பத்திரி தூரமில்லை, ஆனால் அவளால் நாலு எட்டு வைக்க முடியாது. பஸ் அசையாது. வாகனங்களுக்கு இடையே ஒரு த்ரீவீல் ஆட்டோ நெளிந்து வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். மகளை உள்ளே தள்ளப் பார்த்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நின்றாள். குனிந்து, சாரதியைப் பார்த்து, மூச்சுக்கு ஒரு எழுத்தாக இழுத்து இழுத்துக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியட்ட... கீயத?"

அந்த மனுஷர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். நானும்தான். அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து அவள் இன்னும் ஒருமுறை "கீயத?" என்றாள். பழக்கத்தில் அவர் ஒரு விலையைச் சொன்னார். மழை நாள் விலை. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பின்னால் நின்ற பஸ்ஸைக் கையால் காட்டினாள். அதிலேயே போவோம் என்கிறாள். அந்த ஆள் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன், பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது, நான் அடிக்கிறேன். "ஏறுடி!" என்று கத்தினேன்.

"நகின்ன நங்கி, நகின்ன" என்றார் அவர். ஏறு தங்கச்சி என்று கெஞ்சுவது போலச் சொன்னார். ஏறினாள். வழி முழுக்க ஹோர்னை அடித்துக்கொண்டே நடைபாதையிலும் ஏறி இறங்கி ஓட்டினார். அவர் கேட்டதைக் கொடுத்தேன், எவ்வளவு என்று இன்றைக்கும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடியைப் போட்டுப் புகை மருந்து கொடுத்தார்கள். கையில் ஊசி குத்தினார்கள். முதல் புகை முடிந்தும் விசில் நிற்கவில்லை. இரண்டாவது வைத்தார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் நின்றுவிடும் போல இருந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லய வீட்டுக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு கல் உண்டு, அதையும்கூடக் கூப்பிட்டேன்.

மூன்றாவது புகையில் தோள்கள் இறங்கின. டொக்டர் ஒரு இளம் பெண். கிளினிக் துண்டைப் பார்த்துக்கொண்டே மகளிடம், தினமும் இழுக்கும் மருந்தைக் காலையும் மாலையும் எடுக்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாள். எவ்வளவு காலமாக? பாமசியில் பாதி வாங்கத் தொடங்கியதிலிருந்து. அதனால் நெஞ்சு அடிக்கடி இறுகியிருக்கிறது, மூச்சு முட்டும்போது இழுக்கிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் இழுத்துத் தீர்த்துவிட்டிருக்கிறாள். மலிவுக் கம்பனி ஒன்றும் இல்லை.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இந்த மருந்தில் பாதி என்பது கிடையாது என்று மட்டும் பொறுமையாக விளக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் போனதும் நான் வெடித்தேன். பக்கத்துக் கட்டில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருடி உன்ன மருந்துல மிச்சம் புடிக்கச் சொன்னது? நா சொன்னேனா? பருப்புலயும் போஞ்சிலயும்தானே சொன்னேன்! செத்துப் போயிருப்ப, தெரியுமா?"

முகமூடியை விலக்கினாள். குரல் கரகரத்திருந்தது.

"நீங்க மட்டும் பிரஷர் மாத்திரைய மரக்கறி வெட்டுற கத்தியால ரெண்டா வெட்டித்தானே போடுறீங்க."

விடிகாலையில், அவள் எழும்பும் முன்னால், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வது அது. பாதியைப் போட்டுக்கொண்டு மற்றப் பாதியைத் தாளில் சுற்றி மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"கத்தி வெக்கிற சத்தம் எனக்கு கேக்கும்மா" என்றாள். "நீங்க என் மூச்ச கேப்பீங்க. நா அத கேப்பேன்."

"உனக்கு ஏன் இந்த வேலை?"

"உங்க மாத்திரைய முழுசா வாங்கத்தான் காச மிச்சம் புடிச்சுக் கொண்டாந்து தந்தேன். நீங்க முட்டை வாங்கிட்டீங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன். அவள் என் தலையைத் தொட்டாள். ஊசி குத்திய கை, சில்லென்று இருந்தது.

மறுநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். கணவரும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டபின் எங்கள் இரண்டு பேரையும் கேலி செய்யவில்லை. மருந்துக்கென்று தனியாகக் காசு ஒதுக்கச் சொன்னார். அன்றைக்கே ஒதுக்கினோம். சொல்ல எளிது. அவள் இன்றைக்கும் பாமசி வரிசையில் நிற்கும்போது விலையைக் கேட்டதும் விரலை மடக்கிக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவாள். நான் பின்னால் நின்று முதுகைக் கிள்ளுவேன். நான் கற்றுக்கொடுத்ததை அவளுக்குள்ளிருந்து திரும்ப எடுக்க எனக்குத் தெரியவில்லை. இந்த மாதம் இல்லையென்றால் அடுத்த மாதம், இன்னொரு விலை ஏறும்போது, எனக்குத் தெரியாமல் மறுபடியும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிவிடுவாளோ என்று பயந்து சாகிறேன்.

அதனால் இப்போது அடுப்படியில் ஒருவருக்கு எதிரே ஒருவர் நின்றுதான் மருந்து எடுக்கிறோம். அவள் குழலைத் திருகி இழுப்பதை நான் பார்க்க வேண்டும். கெப்ஸியூல் காலியா என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். நான் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிப்பதை அவள் பார்க்க வேண்டும். அவளை நான் நம்பவில்லை, என்னை அவள் நம்பவில்லை. நேற்று நான் விழுங்கிவிட்டுத் திரும்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினாள். போனில் டோர்ச்சைப் போட்டாள்.

"வாயத் தொறங்க."

"முழுங்கிட்டேன்டி. அம்மாவப் பாத்தா களவாணி மாதிரியா இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. வெளிச்சத்துக்குப் பின்னால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் மட்டும் நடுங்கியது.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நா த்ரீவீல்காரங்க எவ்வளவு கேட்டாலும் ஏறிருவேம்மா. வெல கேக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டு, போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கிக் காட்டினேன்.